கம்பிக் கதவில் தொங்கிய கேரியர்

அந்த யோசனை எனக்கு வந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. ஐயப்பன்தாங்கலில் என் ஃப்ளாட்டில், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்சல் கொண்டுவந்தவர் பையைக் கம்பிக் கதவில் மாட்டினார், மணியை அடித்தார், நான் எழுந்து வருவதற்குள் படியிறங்கிவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதையே நாமும் செய்தால் என்ன? தேவன் தந்த யோசனை என்றே நம்பினேன். சபையிலும் அப்படித்தான் சொன்னேன். அதனால் இந்தச் சாட்சியை அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு எங்கள் சபையில் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறோம். எந்த மதம் என்று கேட்பதில்லை. அப்போது பதினெட்டு வீடுகள். ஸ்கூட்டரில் கொண்டுபோக நான் ஒருத்திதான். எனக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேர இடைவேளை. ஆகவே ஆளுக்கு இரண்டு கேரியர் என்று ஏற்பாடு செய்தேன். நிறைந்ததைக் கதவில் மாட்டி மணியடிக்க வேண்டும். முந்தைய நாள் கேரியரை அவர்கள் கழுவி வெளியே மாட்டியிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கழுவிய கேரியர் தொங்கினால் ஆள் சாப்பிட்டிருக்கிறார், நலமாக இருக்கிறார். ஃபோனில் ஒரு டிக். தொங்காவிட்டால் மட்டும் கதவைத் தட்டுவேன். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சமையல் பொறுப்பில் இருக்கும் எஸ்தர் அக்கா ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சாப்பாடு நிரப்பும் முன் ஒவ்வொரு கேரியரையும் திறந்து வைத்து, அதற்குரியவரின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். பதினெட்டுப் பெயர். நான் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பேன்.

"அக்கா, எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜெபமா பண்ணிடலாமே. டைம் ஆகுது."

"உங்க அம்மா உன்னைக் கூப்பிடுறப்போ தெருவையே சேர்த்தா கூப்பிடுவாங்க?" என்றபடி அடுத்த மூடியைத் திறந்தார்.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் மாணிக்கம் ஐயா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை. ஒரே மகள் திருவள்ளூர் பக்கம் இருக்கிறாள். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆரம்பத்தில் மணிச் சத்தம் கேட்டதும் வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னாமா, ஸ்டாப்புல நிக்காத போற வண்டி கணக்கா பறக்குறே? ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனா டயரு பஞ்சராயிடுமா?"

"மீட்டிங் இருக்கு ஐயா, நாளைக்கு!" என்று படியிலிருந்தே கத்துவேன். அந்த நாளை வரவேயில்லை. கொஞ்ச நாளில் அவர் எட்டிப் பார்ப்பதும் நின்றுபோனது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். எஸ்தர் அக்கா மாணிக்கம் ஐயாவின் கேரியரைத் திறந்தார். பெயரைச் சொன்னார். அப்படியே நிறுத்திவிட்டார். மேல் அடுக்கில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இருந்தது.

"வெறும் பாத்திரமா திருப்பக் கூடாதுன்னு வெச்சிருப்பார். வாங்கக்கா, நிரப்பலாம்."

"இத்தனை மாசத்துல ஒரு நாளாவது வெச்சாரா? சர்க்கரை வியாதிக்காரர் வீட்ல சர்க்கரை ஏதுடி? இதைக் கழுவினது அவரில்லை. வண்டியை எடு."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கம்பியில் இன்னொரு கேரியர், பளபளவென்று கழுவித் தொங்கியது. மணியடித்தோம். தட்டினோம். எதிர்வீட்டுக் கலா அக்கா வெளியே வந்தார்.

"அவரு பொண்ணு ஊட்டுக்குப் போய்கீறாரு போலக்கீதும்மா. செவ்வாக்கெழம சாயங்காலம் பாத்தா சோறு அப்டியே தொங்கிகினு கீது. ஊசிப்பூடுமேன்னு வாச்மேனுக்குக் குடுத்துட்டுக் கழுவி மாட்டுனேன். நேத்தும் அப்டிதான். வெறும் பாத்திரத்தக் குடுக்கக் கூடாதேன்னு துளி சக்கர..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை தாழ்ப்பாள் பக்கம் போனது. முகம் வெளுத்தது. "ஐயோ, உள்தாப்பா போட்டுகீது?"

வாச்மேன் கதவை உடைத்தார். குளியலறை வாசலில் கிடந்தார் மாணிக்கம் ஐயா. செவ்வாய் காலையில் விழுந்திருக்கிறார். மூச்சு இருந்தது. அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மணியடித்தேன். அவர் நலம் என்று டிக் போட்டேன். அந்த மணி அவருக்குக் கேட்டிருக்கும். நான் இறங்கிப் போன சத்தமும் கேட்டிருக்கும்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. தொடை எலும்பு முறிவு. உடம்பில் நீரே இல்லை. சிறுநீரகம் வேலை செய்யவில்லை. "ரெண்டு நாள் போகட்டும்" என்றார். மகள் ஓடிவந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "நானும் ஞாயித்துக்கெழமன்னா மட்டும்தான் போன் பண்ணுவேன்" என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ஜெபம் சரளமாக வரும். கூட்டத்தில் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். அன்று அந்த வராந்தாவில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. ஆண்டவரே, மாணிக்கம். ஆண்டவரே, மாணிக்கம். அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். சபையார் உபவாசமிருந்தார்கள். கலா அக்கா தன் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்துவிட்டு வந்து, எங்களோடு உட்கார்ந்து அழுதார்.

சனிக்கிழமை சிறுநீர் பிரிந்தது. ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். ஞாயிறு மதியம் கண் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாமா... இன்னிக்கு மீட்டிங் இல்லியா?"

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"உங்க சாமியும் எங்க சாமியும் ஆளுக்கொரு கையப் புடிச்சு இஸ்துகினு வந்துட்டாங்க" என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். நான் வாதாடுவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கேட்பதற்கு முன்பே தேவன் உதவியை அனுப்பிவிட்டார், அதுவும் வீண் நேரம் என்று நான் முணுமுணுத்த ஜெபத்தின் நடுவில். நெருக்கடியில் இருக்கிறீர்களா? அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையா? ஒரு பெயரை மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

டிக் பட்டியலை அழித்துவிட்டேன். இப்போது நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு மூன்று வீடு. கலா அக்காவும் எங்களில் ஒருவர். முகத்தைப் பார்த்து, கையில்தான் கொடுக்கிறோம்.

ஒரு வீட்டில் மட்டும் இன்னும் முடியவில்லை. பஸ் டெப்போவுக்குப் பின்தெருவில் ரஞ்சிதம் அம்மா. உள்ளிருந்தே "மாட்டிட்டுப் போ" என்பார். நான்கு மாதமாகக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். நாளை அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். என் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போய், அவர் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். கதவு திறக்காவிட்டால் நாளை மறுநாளும்.