ஒழுகாத இடத்துப் பாத்திரங்கள்

வேங்கிக்காலில் இன்று மாலை நல்ல மழை. பக்கத்து வீட்டில் ஆண்குரல் உயர்ந்ததும், சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசை நினைவுக்கு வந்தது. மழையில் கூரை ஒழுகும். வீட்டுச் சொந்தக்காரர் ஓடு மாற்றித்தர மாட்டார். அடுத்த வீட்டுக் குமார் அந்தக் கோபத்தில் மனைவி சரோஜா அக்காவை அடிப்பார்.

அதனால் தூறல் விழுந்ததுமே அம்மா, "சரோஜா, வீடெல்லாம் ஒழுகுது, பாத்திரம் வைக்க வா" என்று கூப்பிடுவாள். எங்கள் வீட்டில் ஒழுகியது ஒரே இடம். அண்டா முதல் டம்ளர் வரை தரையில் பரப்பியிருப்பாள். காய்ந்த டம்ளர்களைப் பார்த்து அக்கா சிரிப்பாள்.

குமார் தேடி வந்தால், "மழை விடட்டும் தம்பி, அனுப்புறேன். நீயும் ஒரு குண்டானைப் புடி" என்பாள் அம்மா.

இப்போது நான் இருக்கும் இந்த வீடு கான்கிரீட். குண்டானோடு போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள்.

"வீடெல்லாம் ஒழுகுதும்மா. பாத்திரம் வைக்கக் கொஞ்சம் வர்றியா?"