குட்டி ராசாவின் கதை முடிந்த விதம்

நான் லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்க்கிறேன். யாரும் பொருள்களைத் தொடாமல் பார்த்து நிற்கிற வேலை. அதிக நாள் நின்றது யப்பான் பகுதியில். அங்கே ஆளுயரத் தட்டி ஒன்றில் ஒரு சாமுராய்க் குலத்தின் கதையை வரைந்திருந்தார்கள். சாமுராய் என்றால் அந்த நாட்டுப் போர்வீரர். படத்துக்கு விளக்கம் சொல்லும் பெண்மணி தினமும் அந்தக் கதையைச் சொல்வார். அதிகம் படிக்காத எனக்கும் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது.

லண்டனின் மனோர் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதை என் மகளுக்குச் சொல்வேன். அப்போது அவளுக்கு ஆறு வயது.

சிவப்புக் கொடி பிடித்த குலம் அது. தொடக்கத்தில் அரண்மனைக்காரர் அவர்களை மதிக்கவில்லை. கடற்கொள்ளைக்காரரை அடக்கிக் கொடுத்துத்தான் மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். பிறகு அவர்களின் தலைவரே முதல் மந்திரியானார். சொந்தக்காரர் எல்லோருக்கும் பதவி. மகளை அரசருக்குக் கட்டிக் கொடுத்தார். பேரன் கைக்குழந்தையிலேயே அரசனானான்.

"நாப்பித் துணி கட்டிக்கொண்டோ ராசாவா இருந்தவர்?" என்று கேட்டாள் மகள்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் குட்டி ராசா.

அதற்கு மேல் கதை நல்லதாய்ப் போகாது. முன்பு ஒரு சண்டையில் தோற்ற எதிரியின் பிள்ளைகளை அந்தத் தலைவர் கொல்லாமல் விட்டிருந்தார். அவர்கள் வளர்ந்து வெள்ளைக் கொடியோடு வந்தார்கள். தலைவர் காய்ச்சலில் இறந்தார். குலம் தலைநகரை விட்டுக் கப்பலேறியது. கடைசிக் கடற்சண்டையில் தோற்றபோது குட்டி ராசாவும் கடலில் மூழ்கிப் போனான். அவனுக்கும் ஆறு வயதுதான்.

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டி ராசா கப்பலில் ஊர் ஊராய்ப் போனான், மீன் பிடித்தான், நரைத்த கிழவனானான் என்று நானே கட்டிச் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, மகளின் வகுப்பை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வருவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது.

"எனக்கு முழுக்கதையும் தெரியும் எண்டு டீச்சரிட்டைச் சொல்லிப்போட்டன். என்னைத்தான் சொல்லச் சொன்னவ" என்றாள்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவள் வரும் நாளில் என்னை வேறு பகுதியில் விடும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டும் பார்த்தேன். மாற்றிவிட ஆளில்லை என்றுவிட்டார்.

வகுப்பு வந்த அன்று, தட்டிக்கு முன்னால் நின்று, அப்பா சொன்ன கதை என்று தொடங்கி மகள் நன்றாகத்தான் சொன்னாள். கிழவனான இடம் வந்ததும் விளக்கம் சொல்லும் பெண்மணி, "கடைசிப் பகுதி அப்படி இல்லையே, கண்ணா" என்று மெதுவாய்த் திருத்தினார்.

"உன் அப்பா உனக்குப் பொய் சொல்லியிருக்கிறார்" என்றாள் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி ஒருத்தி. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மகள் கதவடியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பிழை இவளுடையது இல்லை. முடிவை மாற்றிச் சொன்னது நான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் மேசைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"ஏன் மாத்தினீங்கள்?"

"அவனுக்கும் அப்ப உன்ரை வயசு. சொல்ல ஏலாமப் போச்சு."

"இப்ப எனக்கு எட்டு. சொல்லுங்கோ."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எல்லாரும் செத்தவையோ?"

"இல்லை. கொஞ்சப் பேர் தப்பி மலைக்குள்ளை போய், தோட்டஞ் செய்து பிழைச்சவை. அவையின்ரை வழியிலை வந்த ஆக்கள் இப்பவும் இருக்கினமாம்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இது உண்மையோ? இல்லாட்டி இதுவும் கட்டினதோ?"

"உண்மை."

"அப்ப படத்துக்கு விளக்கம் சொன்ன அந்த மிஸ்ஸிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

மறுநாள் கேட்டேன். அந்தப் பெண்மணி சிரிக்காமல், அது உண்மைதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். மகள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் என்னை நம்பினாள்.