சைகோன் சித்தி வைத்த சொதி

என் சித்தப்பா சைகோனில் ஒரு செட்டியார் கடைக்கு வேலைக்குப் போய், ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது எனக்கு ஏழு வயது. கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு பெண்டாட்டியும் என்று ஊரில் சிரித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, ரயிலேறி, சேரன்மாதேவியிலிருந்து வண்டி பிடித்து வந்திருந்தார்கள். அந்தச் சைகோன் பெண் எனக்குச் சித்தியானாள்.

அந்த மார்கழி எனக்கு இன்றும் பாதி கனவாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் தாமிரபரணிமேல் பனி இறங்கி நிற்கும். எதிர்க்கரை இருக்காது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சித்தி ஏதோ பாடுவாள்; அவிழ்த்துவிட்ட கூந்தல் தண்ணீரைத் தொடும். நான் படித்துறையில் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். நம் ஆறு புன்னக்காயலில் கடலில் சேருகிறதல்லவா, அங்கிருந்து கொஞ்சம் எட்டி நடந்தால் சைகோன் வந்துவிடும் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

சித்தியும் சித்தப்பாவும் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் இருந்தார்கள். சித்திக்கு அங்கேயே தனி அடுப்பு. காற்றோட்டமான இடம், அவளுக்குப் பிடித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். எனக்கும் பசுக்கன்றோடு இருக்க ஆசைதான், அம்மா விடமாட்டாள்.

சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்நிய தேசத்து ஆட்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சர்க்கார் விசாரிக்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் தலையாரி வந்து, புதன்கிழமை ரெவினியூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி முறையான மனைவிதான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சித்தப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சித்திக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் பாட்டை நிறுத்தியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் எங்கள் சாதி ஆள்தான். நெற்றி நிறையத் திருநீறு. சொந்தச் சாதியில் தவிர வெளியே பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்று பேர். வந்து உட்கார்ந்ததும் தாலியைப் பற்றித்தான் கேட்டார். தாலி இல்லை. அவர்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதுதான் கல்யாணம் என்று சித்தப்பா தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"வெத்தில பாக்கு மாத்துனா அது நிச்சயதார்த்தம்லா வே! கல்யாணம்னு நான் எப்படி எழுத? நாளைக்கு மேல உள்ளவன் கேட்டா என் வேலையில்லா போவும்?"

காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா, எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று இலை போடச் சொன்னார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் சொதி. கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது. சும்மா நாளில் யாரும் வைக்கமாட்டார்கள். காலையிலேயே அம்மா சித்தியை ஆற்றில் தலைமுழுக வைத்து, கட்டம் போட்ட தன் கொட்டடிச் சேலை ஒன்றை உடுத்திவிட்டு, முதல் தடவையாக அடுக்களைக்குள் கூட்டிப்போயிருந்தாள். தேங்காய்ப்பால் பதம் சித்திக்குப் புதிதில்லை. முதல் பாலை எப்போது விடவேண்டும் என்று அம்மா சொல்வதற்கு முன்னாலேயே அவள் அடுப்பைத் தணித்துவிட்டாள். வீடெல்லாம் இஞ்சியும் தேங்காயும் மணத்தன.

அம்மாதான் பரிமாறினாள். அப்பா நின்று உபசரித்தார். இன்ஸ்பெக்டர் மூன்று தடவை சொதி வாங்கிக்கொண்டார். கை கழுவி வெற்றிலை போடும்போது, இப்படிச் சொதி தன் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை என்று அப்பாவிடம் சொன்னார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெளி ஆண்களிடம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் வைக்கலைங்க. எங்க கொழுந்தன் பொண்டாட்டி வச்சது. அவ பொண்டாட்டி இல்லன்னு எழுதுனீகன்னா, யாரோ ஒருத்தி கையால நீங்க தின்னதையும் சேத்து எழுதிக்கிடுங்க."

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை மறந்து உட்கார்ந்திருந்தார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பிறகு காகிதத்தைப் பைய விரித்து, முறையான மனைவிதான் என்று எழுதினார். எழுதியதை இரண்டு தடவை உரக்க வாசித்துவிட்டு வண்டியேறினார். சித்தப்பா தொழுவத்தில் போய் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதார்.

எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடுக்களையில் சித்தி, சித்தப்பாவுக்கும் எனக்கும் சொதி ஊற்றினாள். எங்கள் சாப்பாடு முடிந்ததும் நல்ல தலைவாழையாக ஒன்றைப் பொறுக்கிக் கழுவி, அம்மாவுக்கு விரித்தாள். அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கு இன்னைக்கு விரதம்" என்று சொல்லிவிட்டு, காலையிலேயே குளித்திருந்த அம்மா மறுபடியும் ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பினாள்.

சித்தி அப்படியே நின்றாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்து, பெரிய மனுஷிபோல எடுத்துச் சொன்னேன்: "ஒனக்காவத்தான் சித்தி, எங்கம்மா பட்டினி கெடக்கா."

சித்தி என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்த வெறும் இலையை மடித்து எடுத்துக்கொண்டு, தொழுவத்துப் பக்கம் போனாள். புதன்கிழமையில் அம்மாவுக்கு என்ன விரதம் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.