காரை பெயர்ந்த தேவைக் கோடு

கல்லூரியில் முதல்வர் கையில் மட்டும் செல்போன் இருந்த காலம் அது. மதிப்பீட்டுக் குழு வருகிறது என்ற செய்தியும் அதில்தான் வந்தது. பொருளியல் மாணவர்கள் உண்மையில் என்ன கற்றிருக்கிறார்கள் என்று விடைத்தாள்களை எடுத்துப் பார்ப்பார்களாம். திருப்தி இல்லையென்றால் எங்கள் துறைக்கு எம்.ஏ. வகுப்பு கிடையாது. எம்.ஏ. இல்லையென்றால், நாற்பதைத் தாண்டியும் தற்காலிக விரிவுரையாளராக இருந்த நானும் கிடையாது.

"என்ன சார், மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார் துறைத்தலைவர்.

"ஒண்ணுமில்லீங்க சார், பவுடர் கூடிப்போச்சு."

குழு வருவதற்கு முந்தைய நாள், நான் திருத்திய தேர்வுத்தாள் கட்டைப் புரட்டினேன். தேவைக் கோடு வரையச் சொல்லும் கேள்வி. விலை ஏறினால் வாங்குவது குறையும், அதனால் கோடு இடமிருந்து வலமாகச் சரியும்; அவ்வளவுதான். முதல் தாளில் அந்தக் கோடு பாதி வழியில் ஒரு மேடு ஏறி, பிறகு இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. பத்தாவதிலும். எல்லாவற்றுக்கும் என் சிவப்பு மையில் ஐந்துக்கு ஐந்து வேறு.

வகுப்பறைக்கு ஓடினேன். சுவரில் சிமென்ட் பூசிக் கறுப்படித்த பலகை. நடுவில் ஒரு கையகலம் காரை பெயர்ந்திருந்தது. சாக்பீஸ் உடையுமே என்று நான் அந்தப் பள்ளத்தைச் சுற்றி வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் அதையும் பயபக்தியோடு கற்றிருக்கிறார்கள். பக்கத்து ஆலத்தியூர் ஆலையில் அவ்வளவு சிமென்ட் செய்கிறார்கள், எங்கள் சுவருக்கு ஒரு கரண்டி கிடைக்கவில்லை.

தாள்களைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்லலாமா? ஒரே நாளில் நாற்பது தாள் தின்னும் கறையானை எங்கே போய்ப் பிடிப்பது? ஒரே ஒரு தாளில் கோடு ஒழுங்காக இருந்தது. அதைக் கட்டின் மேலே வைத்தேன்.

மறுநாள் குழு வகுப்பறைக்கே வந்தது; அதிலிருந்த ஒரு அம்மையார் அதையே எடுத்தார். எழுதிய செட்டிகுளத்து மாணவனைக் கூப்பிட்டார்.

"இந்தக் கோடு ஏன்ப்பா இறங்குது?"

"வெல ஏறுனா வாங்குறத கொறைச்சுக்குவாங்க மேடம். வெங்காயம் வெளைய வச்சதே நாங்கதான். வெல ஏறுனப்ப எங்க வூட்லயே சாம்பார்ல பாதிதான் போட்டாங்க."

"பிரமாதம். சார் நடத்துனதா?"

"இல்லீங்க மேடம். அன்னிக்கு வெங்காயம் புடுங்கப் போயிட்டேன். புஸ்தகத்தப் பாத்துதான் படிச்சேன்."

அம்மையார் கட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்தார்.

"சார், இந்த மேடு என்ன?"

"காரைங்க மேடம்."

பலகையைக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

"நீங்க போட்டத அப்படியே போட்டிருக்காங்க. புரிஞ்சுதான்னு தெரியல. திரும்ப நடத்துங்க, திரும்பப் பரீட்சை வச்சுத் தாளை அனுப்புங்க. அப்புறம் எம்.ஏ.யைப் பத்திப் பேசலாம்."

மறுநாள் பலகை முன்னால் நின்றேன். கை நடுங்கியது, கோடும் நடுங்கியது. திரும்பிப் பார்த்தால், நாற்பது பேரும் குனிந்து அந்த நடுக்கத்தைச் சிரத்தையாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

"நோட்ட மூடுங்கப்பா!" என்று கத்தினேன். "வெல ஏறுனா உங்க வூட்ல எதக் கொறைப்பாங்க? அதச் சொல்லுங்க."

"இது பரீட்சைக்கு வருமா சார்?" என்றது கடைசி பெஞ்ச்.

"வரும்." அது எனக்கு வைக்கும் பரீட்சை என்று சொல்லவில்லை.

தா.பழூரிலிருந்து வரும் பெண் தயங்கி எழுந்தாள். "எங்க வூட்ல மொதல்ல அம்மாவோட காப்பியத்தான் சார் கொறைப்பாங்க."

அவளை உட்காரச் சொல்லாமல், "ஏன் அத மொதல்ல?" என்று கேட்டேன்.