முனை தேய்ந்த ஷூக்கள்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறவள் நான். என் மகன் இம்ரான் குதிகால் படாமல் நடப்பான். அதனால் அவன் ஷூவின் முனை மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். சோல்தான் மட்ட ரகம் என்று நாங்களும் ஷூவை மாற்றிக்கொண்டே இருந்தோம். அவன் அடிக்கடி விழ ஆரம்பித்த பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரம்பரையாக வரும் தசை நோய் என்றார் டாக்டர். உலகத்திலேயே என் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன்.

பிசியோதெரபி அறைக்கு வெளியே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்து, முனை தேய்ந்த கறுப்பு ஷூவை எடுத்து இம்ரான் காலில் மாட்டினேன்.

“அக்கா, அது எம் புள்ளைது” என்றாள், அணைக்கட்டு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்.

குனிந்து பார்த்தேன். அங்கே கிடந்த சின்ன ஷூக்கள் எல்லாமே முனையில்தான் தேய்ந்திருந்தன.

“இவ்ளோ பேரா?”

“இன்னிக்கு கம்மிக்கா. போன வாரம் ஜாஸ்தி.”

டாக்டர் சொன்ன நாளிலிருந்து அழுதுகொண்டே இருந்த எனக்கு, அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் அழுகை வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என் கண் முதலில் ஷூ முனைக்குத்தான் போகிறது. தேய்ந்திருந்தால் தாயை நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்: “ஷூவ மாத்தாத. புள்ளய டாக்டர்கிட்ட காட்டு. நானும் கூட வர்றேன்.”