அம்மா மீனை விட்ட வருடம்

ஞாயிற்றுக்கிழமை பகலில் எந்த வீட்டிலிருந்தாவது பெருங்காயம் பொரியும் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். மற்றக் கிழமைகளில் அதே வாசனை என்னை ஒன்றும் செய்வதில்லை. மன்னார்குடியில் நாங்கள் இருந்த தேவாலயத் தெருவில் ஞாயிறு என்றால் ஆராதனை முடிந்து திரும்பும்போதே எந்த வீட்டில் என்ன மீன் என்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட தெருவில் ஒரு வருடத்தில் சில மாதங்களுக்கு மட்டும் மீன்குழம்பு வாசனை போய்ப் பெருங்காய வாசனை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணம் என் அம்மா. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தம்பி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவர் செல்வராணி. நாகப்பட்டினத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் அலுமினிய "அன்னக்கூடை"யை ஏற்றிக்கொண்டு, கண்டக்டரோடு ஒரு சண்டை போட்டு, மன்னார்குடியில் இறங்கி, ஈரத்துணியால் மூடிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பும்போதே குரல் கேட்கும். "டீச்சரே, சங்கரா இருக்கு, கெழங்கா இருக்கு, சட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான என் அம்மா பேரம் பேசத் தெரியாதவள் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவளை ஏமாற்றாதவர் செல்வராணி என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போவதாக இருந்தது. எனக்குப் புதுச் சட்டை, அப்பாவுக்கு விடுமுறை, எல்லாம் தயார். விடிகாலையில் தம்பிக்கு உடம்பு கொதித்தது. "கெளம்புற அன்னிக்குத்தான் இவனுக்குக் காய்ச்சல் வரணுமா" என்று அப்பா சலித்துக்கொண்டார், நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். பகலுக்குள் நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்ட சேதி வந்தது. அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, "இந்தக் காய்ச்சல் மட்டும் வரலேன்னா" என்று ஆரம்பிப்பாள், முடிக்கமாட்டாள். அன்று முழுவதும் அப்படித்தான் இருந்தாள். ஆண்டவர் தனக்கு மட்டும் தனியாக ஏதோ செய்துவிட்டார், அதற்குத் தான் ஏதாவது செய்தாகவேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அவளுக்குள் விழுந்திருக்கவேண்டும்.

சபையிலிருந்து நாகப்பட்டினம் நிவாரண முகாமுக்கு அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு போன வேனில் அம்மாவும் போனாள். திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. அடுத்த வாரமும் போனாள். முகாமில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம்கூட இல்லாமல் இருக்கிறார்கள், பரீட்சை வந்துவிடும் என்று சொல்லி, சனி ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுவாள். அந்த முகாமில்தான் செல்வராணியைப் பார்த்திருக்கிறாள். வீடும் வலையும் போய், கொழுந்தன் குடும்பத்தில் யாரும் மிஞ்சாமல், புருஷனும் மகள் கவிதாவும் மட்டும் மிச்சமாக, தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாராம். கவிதாவுக்கு அந்த வருடம் பத்தாவது. "அவளுக்கு ஒரு தடவ சொன்னாப் போதும்" என்று அம்மா வந்து சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குத்தான் எந்தக் கணக்கும் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாதே.

அந்த நாட்களில்தான் சபைப் பெண்கள் கூட்டத்தில் அம்மா எழுந்து நின்று ஒரு "பொருத்தனை" செய்தாள். நேர்ந்துகொள்வதை எங்கள் சபையில் அப்படித்தான் சொல்வோம். முகாமில் இருக்கிற கடைசிக் குடும்பமும் சொந்தக் கூரைக்குத் திரும்புகிறவரை என் வீட்டில் மீன் இல்லை, கறி இல்லை, முட்டையும் இல்லை என்றாள். கடலில் பிள்ளைகளைக் கொடுத்தவர்களோடு சேர்ந்து துக்கம் காக்க வேறென்ன வழி என்று கேட்டாளாம். கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நாங்களும் விடுகிறோம் என்றார்கள். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் அதை எடுத்துச் சொல்ல, மிச்சம் இருந்த வீடுகளும் சேர்ந்துகொண்டன. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து நாட்களும் வந்துவிட்டதால் யாருக்கும் அது பெரிய சுமையாகத் தெரியவில்லை.

சுமை எங்கள் வீட்டில்தான் தெரிந்தது. அம்மாவுக்குச் சைவச் சமையல் என்றால் ஒரு சாம்பார், ஒரு வாழைக்காய் வறுவல், அதோடு சரி. தஞ்சாவூரிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, தட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் லில்லி, ஆண்டவரே மீனு சுட்டுச் சாப்பிட்டவரு, நீ என்ன அவருக்கும் ஒரு படி மேலயா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவைத்தாள். "ஊர்ப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றதெல்லாம் சரி, ஒம் புள்ளைங்க மொகத்தையும் கொஞ்சம் பாரு" என்று அத்தை சொன்னபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. சனிக்கிழமைகளில் அப்பா வைக்கும் ரசத்தைத் தம்பி துப்புவான்; அம்மா எங்கே என்று மத்தியானம் வரை கேட்டுவிட்டு, கேட்பதையே நிறுத்திவிட்டுத் தூங்கிப்போவான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆம்லெட் வாங்கிக்கொடுத்து, "வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க" என்பார் அப்பா. அம்மாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். கேட்டதில்லை.

ஒரே ஒரு முறை அம்மா என்னை முகாமுக்குக் கூட்டிப்போனாள். கொட்டகை ஓரம் பாயில் உட்கார்ந்து, கவிதா போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு அம்மா, "அப்புடித்தான் கண்ணு" என்றாள். கண்ணு என்பது வீட்டில் என் பெயர். அன்று வரும் வழியெல்லாம் நான் அம்மாவிடம் பேசவில்லை. அவளும் அசதியில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டதால் நான் பேசாததை அவள் கவனிக்கவேயில்லை.

லெந்து பாதியில் சில படகுகள் மீண்டும் கடலுக்குப் போயின. ஒரு காலையில், அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. நான்தான் முதலில் ஓடினேன். ஊருக்குள் மற்றத் தெருக்களில் அப்போது மீன் என்றாலே பயம். கடலில் போன பிணங்களை மீன் தின்றிருக்கும் என்ற பேச்சு வீடுவீடாகச் சுற்றியது. அந்தத் தெருக்களையெல்லாம் சுற்றிவிட்டு, எங்களைப் போன்ற வேதக்காரர் தெருவில் அந்தப் பயம் இருக்காது என்று நம்பித்தான் செல்வராணி எங்களிடம் வந்திருக்கிறார். அவர் நினைத்தது சரிதான். எங்கள் தெருவில் யாருக்கும் பயம் இல்லை.

"டீச்சரே, மொதமொதல்ல கடலுக்குப் போயிட்டு வந்திருக்காவ. ஒங்களுக்குன்னு ஒரு கொடுவா எடுத்து வச்சேன்" என்று கூடையை இறக்கினார்.

அம்மா வாசற்படியைவிட்டு இறங்கவில்லை. "நாங்க மீன விட்டுட்டோம் செல்வராணி. ஒங்களுக்காகத்தான். நீங்கள்லாம் வீடு திரும்புற வரைக்கும் தொடமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள்.

"எங்களுக்காகவா டீச்சரே" என்று கேட்டார் செல்வராணி. பிறகு ஈரத்துணியை இழுத்து மூடி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டிலும் அதே பதில்தான், அதற்கடுத்த வீட்டிலும்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "கூடையில ஒண்ணுகூடக் கொறையல லில்லி. வாங்கிடு. நாம திங்க வேணாம், யாருக்காவது குடுத்துடலாம்" என்றார்.

"வாங்கினாலே பொருத்தனை முறிஞ்ச மாதிரிதாங்க" என்றாள் அம்மா. தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே, "இவன வச்சுக்கிட்டு நான் வெளையாட முடியாது" என்றாள். அப்பா ஜன்னலைவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தக் காய்ச்சலை நினைத்துக்கொண்டுதான் அவள் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

செல்வராணி அதற்குப் பிறகும் சில முறை வந்தார். எங்கள் வாசலில் நின்று கூப்பிடமாட்டார். கூப்பிட்டால் டீச்சர் மனம் சங்கடப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் குரலை அடக்கிக்கொண்டு போவார். பிறகு வரவேயில்லை.

பரீட்சைக்குச் சில நாட்களே இருந்த ஒரு சனிக்கிழமை, மாதிரி வினாத்தாள்களைப் பையில் அடுக்கிக்கொண்டு போன அம்மா மத்தியானமே திரும்பிவிட்டாள். நேரே சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கவிதா முகாமில் இல்லை. திருப்பூர் மில்லுக்கு ஆள் எடுக்க வந்த வேனில் மற்றப் பெண்களோடு அனுப்பிவிட்டார்கள், மூன்று வருட ஒப்பந்தம். "பரிச்ச எழுதிட்டுப் போகலாமேன்னு செல்வராணிகிட்ட கேட்டேங்க. 'மீனு வாங்க ஆள் இல்ல டீச்சரே, வந்து வந்து திரும்பிப் போறேன், சோத்துக்கு என்ன பண்ணச் சொல்றீங்க'ன்னு கேட்டுச்சு. என்னைக் குத்தமாச் சொல்லலங்க. குத்தம்னு அதுக்குத் தோணவே இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இனி சனிக்கிழமை அம்மா வீட்டில் இருப்பாள் என்ற சந்தோஷம். அதன்பிறகுதான் அம்மா அழுகிற அழுகை எந்த மாதிரி அழுகை என்று புரிந்தது. அந்தச் சந்தோஷத்தை இத்தனை வருடத்தில் நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அம்மா பெண்களை நிறுத்தி, பொருத்தனையை விட்டுவிடுங்கள், நான் யோசிக்காமல் செய்துவிட்டேன், மீன் வாங்குங்கள் என்று கெஞ்சினாள். "நீங்க சொல்லித்தானே விட்டோம் டீச்சர்? ஆண்டவர்கிட்ட சொன்னத நீங்களே முறிக்கச் சொன்னா எப்புடி?" என்று கேட்டார்கள். ஈஸ்டர் வரையாவது காப்போம் என்றே பலர் காத்தார்கள். அம்மா தனியாக நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறி, செல்வராணியைத் தேடிப் பிடித்து, பை நிறைய மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். எங்கள் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டாள். அவள் மட்டும் தொடவில்லை. அன்றும் தொடவில்லை, முகாம் காலியாகி எல்லோரும் கல்வீட்டுக்குப் போன பிறகும் தொடவில்லை. தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அல்ல. தண்டனை யாரும் கொடுக்காததால் தானே கொடுத்துக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இப்போது நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். அம்மா ஓய்வு பெற்று என்னோடு இருக்கிறாள். மீன் கூடையோடு பெண்கள் ஏறுகிற பஸ்ஸை நான் பார்த்து நாளாயிற்று. போனில் சொன்னால் செதில் எடுத்து, துண்டு போட்டு, டப்பாவில் அடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள், யார் பிடித்தது யார் விற்றது என்று முகம் ஏதும் தெரிவதில்லை. தேவாலயத் தெருவில் எங்களோடு இருந்தவர்கள் பலர் இப்போது உயிரோடு இல்லை. செல்வராணியும் இல்லை.

அது தெரிந்ததே கவிதா வந்தபோதுதான். சென்ற பொங்கல் விடுமுறையில் யாரிடமோ விலாசம் கேட்டுக்கொண்டு, தன் மகளோடு வந்தாள். திருப்பூரிலேயே கல்யாணம், அங்கேயே வேலை, கண்களில் மட்டும் அந்தப் பழைய கூர்மை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா போற வரைக்கும் ஒங்க பேச்சுதான் டீச்சர். 'நாம மீனு வித்துப் பொழைக்கிற சனம், நமக்காக ஒரு டீச்சர் மீனையே விட்டாங்க'ன்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லும். அந்தக் கஷ்டத்துலயும் அது ஒண்ணுதான் எங்களுக்குப் பெருமையா இருந்துச்சு" என்றாள். பிறகு மகளை முன்னால் இழுத்து, "இவ இந்த வருஷம் பத்தாவது எழுதப்போறா. ஒங்க கையால ஆசீர்வாதம் பண்ணுங்க டீச்சர், அதுக்குத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

குனிந்த அந்தப் பெண்ணின் தலையில் கைவைக்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆயிற்று. வைத்த பிறகும் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. "எழுதிடு கண்ணு, எது வந்தாலும் பரிச்சய எழுதிடு" என்று மட்டும் சொன்னாள். கவிதா சிரித்தபடி, "அதெல்லாம் எழுதுவா டீச்சர்" என்றாள்.

அவர்கள் போனபிறகு அம்மா என்னைப் பார்த்து, "அவகிட்ட நான் உண்மையச் சொல்லியிருக்கணும் இல்ல?" என்று கேட்டாள். சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. தாயிடமிருந்து அவளுக்கு மிஞ்சிய ஒரே பெருமையை எடுத்துவிட்டு எதைக் கொடுப்பது என்றும் தோன்றியது. "விடும்மா" என்றேன். அம்மா விடவில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் விடவில்லை.