பியூஸ் இல்லாத ஜப்பான் குண்டு

மன்னார்குடி வட்டாரத்தில் டிராக்டர் மக்கர் பண்ணினால் மெக்கானிக் இளவழகனைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். முப்பது வருஷத்தில் சொன்னது தப்பியதில்லை, தப்பியிருந்தாலும் ஒப்புக்கொண்டதில்லை. மனிதருக்கு இந்த வீம்பு ஒன்றுதான் கெட்ட பழக்கம்.

அவருடைய தாத்தா பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போனவர். சண்டை முடிந்து கப்பலில் திரும்பியபோது, நொறுங்கிக் கிடந்த ஜப்பான் விமானத்தின் பீரங்கிக் குண்டு ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். கட்டைவிரல் பருமன், இடுப்பில் செம்பு வளையம். குண்டை வெடிக்க வைக்கும் பியூஸ் மூக்கில்தான் இருக்கும் என்று இளவழகன் கேள்விப்பட்டிருந்தார். இதன் மூக்கிலோ வெறும் கூம்பு. "பியூஸே இல்ல, செத்துப்போன குண்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் ஏது?

ஆயுத பூஜைக்கு முதல் நாள், அதன் மூக்கை அறுத்தால் ஊதுபத்தி செருகலாமே என்று தோன்றியது. எதிரே லேத் பட்டறை வைத்திருக்கும் கூட்டாளி பரிதியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில், தஞ்சாவூரில் சரித்திரம் படிக்கும் மகள் சுடர்விழியிடமிருந்து போன். காலையில் அவளுக்குக் குண்டின் படத்தை அனுப்பியிருந்தார்.

"அப்பா, அதத் தொடாதீங்க! ஜப்பான் ராணுவம் அமெரிக்க மிஷின்கன்னப் பாத்து, அதையே பெருசாக்கி விமானத்துக்குப் பீரங்கி செஞ்சிருக்கு. குண்டு சின்னது. பியூஸ் வச்சா மருந்துக்கு இடம் குறையும், செய்யறதும் கஷ்டம். அதனால பியூஸே வேணாம்னுட்டாங்க. மூக்கு நசுங்கினாலே உள்ள இருக்கற மருந்து வெடிச்சிடும்ப்பா."

இளவழகன் வாசலுக்குப் பாய்ந்தார். எதிரே லேத் ஓடும் சத்தம் கேட்டது. பரிதிக்குப் போன் போட்டார். அந்த இரைச்சலில் எங்கே கேட்கப் போகிறது? செருப்பு மாட்டாமல் ஓடினார். நெல் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே வந்து, ஆடி அசைந்து கடந்தது. அந்த டிரைவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

லேத்தில் குண்டு சுழன்றுகொண்டிருந்தது. அறுக்கும் டூல் அதன் மூக்கை நெருங்கிவிட்டது.

"நிறுத்துடா!"

பரிதி நிறுத்தினார். "என்னடா?"

"உயிரோட இருக்குடா. வெடிச்சிடும்!"

பரிதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன மாசம் வெளையாட்டுக்கு, ரெய்டு வருதுன்னு ஓடியாந்து என்னை அலற வச்சியே, அந்த மாதிரியா? நீ செத்ததுன்னு சொன்னா அது செத்ததுதான்." கை மறுபடி சுவிட்சுக்குப் போயிற்று.

"தப்புடா பரிதி. நான் சொன்னது தப்பு."

அந்த வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையைப் பரிதி கேட்டதே இல்லை. சிரிப்பு நின்றது. விரலை மெள்ள எடுத்தார். இருவரும் பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு வந்தார்கள். குண்டு லேத்தின் பிடியிலேயே இருந்தது.

இளவழகன் போலீசுக்குப் போன் பேசி முடித்தார். பரிதி அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"காலையில துரைக்கண்ணு டிராக்டர, பிரேக் நல்லாயிருக்குன்னு அனுப்பி வச்சியே... கழட்டிப் பாத்தியா?"